அம்மா என்றால் அக்கா

பிறந்தநாளன்று புத்தருக்கு ஊற்றுகிற தண்ணீரில்கூடப் பொய் சொல்லும் பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பாமா வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் எங்கே போவாள், அந்தப் பொம்பளையின் வயிற்றில்தானே பிறந்திருக்கிறாள்.

யங்கோனில் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. பிறந்தநாள் காலையில் ஷ்வேடகோன் பகோடாவின் மேடைக்கு ஏறிப்போய், தான் பிறந்த கிழமைக்குரிய மூலையில் இருக்கும் சிறிய புத்தர் சிலைக்கு வயதுக்கு ஒரு கிண்ணம் வீதம் தண்ணீர் ஊற்றவேண்டும். வரப்போகிற வருஷத்துக்கென்று கூட ஒரு கிண்ணம். பாமாவின் அம்மா செல்லக்கண்ணு பிறந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மூலையில் எலி மாதிரி ஒரு பிராணிதான் காவல். சினிமாவில் நடிக்கப் போனதும் அவள் 'சபே ஊ' என்று பர்மியப் பெயர் வைத்துக்கொண்டாள். முதல் மல்லிகை என்று அர்த்தம். அங்கே எழுத்துக்கும் கிழமை உண்டு; அந்தப் பெயரின் முதல் எழுத்து செவ்வாய்க்கிழமையைச் சேர்ந்தது, செவ்வாய்க்கிழமைக்குச் சிங்கம். எலிக்குப் பக்கத்தில் நிற்பதைவிடச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றால் போட்டோ எடுப்பாக விழும். ஆகவே அவள் சிங்கத்திடம் போனாள். போய், பத்துக் கிண்ணம் குறைத்து ஊற்றிவிட்டு, ஈரக் கையால் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டு இறங்கி வருவாள்.

இந்தக் கதை நடந்த தொண்ணூற்றேழாம் வருஷத்தில் அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது முடிந்தது. ஊருக்குச் சொன்னது நாற்பத்தொன்பது. பாமாவுக்கு நாற்பத்தொன்று. நாற்பத்தொன்பது வயதுக்காரிக்கு நாற்பத்தொரு வயதில் மகள் இருக்க முடியாதல்லவா, அதனால் பாமா மகள் அல்ல. தங்கை. வீட்டு அங்கத்தினர் பட்டியலில் தங்கை, அடையாள அட்டைக்குக் கொடுத்த காகிதத்தில் தங்கை, சினிமாப் பத்திரிகையில் படம் போட்டால் கீழே 'நடிகையும் தங்கையும்'.

இதற்காக அவள் பெரிதாக ஒன்றும் பாடுபடவில்லை. அதை நினைத்தால்தான் பாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பர்மிய மொழியில் அக்காளை 'அமா' என்பார்கள். பஸ் கண்டக்டர் ஏறுகிற பெண்களையெல்லாம் 'அமா, உள்ளே போங்க' என்பான். தமிழ்ப்பிள்ளை நடுத்தெருவில் நின்று 'அம்மா' என்று கத்தினாலும் பர்மியர் காதில் அது 'அக்கா' என்றுதான் விழும். பெற்றவளைக் கூப்பிட அவர்களுக்கு வேறு சொல் உண்டு: 'அமே'. எண்ணிப் பார்த்தால் ஓர் எழுத்து வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்குள் செல்லக்கண்ணு முப்பத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

ஆரம்பித்தது அறுபத்துநாலில். தன்லியின் ஊர் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த முதல் புருஷன் கருப்பையா, தமிழர்கள் கூட்டங்கூட்டமாக மூட்டை கட்டிய அந்த வருஷம் மதராசுக்குக் கப்பல் ஏறினார். பெண்டாட்டி ஏறவில்லை. "நீங்க முன்னால போங்க, நான் பிள்ளையோட அடுத்த கப்பல்ல வர்றேன்" என்று துறைமுகத்தில் அழுதாள். நன்றாகவே அழுதாள். அவள் நடித்த முதல் காட்சி அதுதான், சம்பளமில்லாமல் நடித்தாள். மறுவாரமே எட்டு வயது பாமாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டுடியோ வாசலில் போய் நின்றாள்.

உள்ளே விளக்குகளையும் கயிறுகளையும் பார்த்துப் பயந்த பாமா, "அம்மா" என்று கூவிக்கொண்டே ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த டைரக்டர் சிரித்தார். "ஞீமாவா?" என்று கேட்டார். தங்கச்சியா என்று அர்த்தம். செல்லக்கண்ணுவின் கண் டைரக்டரிடமிருந்து பிள்ளையிடம் வந்து, மறுபடி டைரக்டரிடம் போனது. பாமாவுக்கு அந்தப் பார்வை இன்றைக்கும் மறக்கவில்லை. "ஆமா, ஞீமாதான்" என்றாள்.

திரும்பும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில் மகளின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "யாராவது கேட்டா தங்கச்சின்னு சொல்லணும். கூப்பிடுறத மட்டும் மாத்தாத. அம்மான்னே கூப்பிடு, அது அப்பிடியே இருக்கட்டும்" என்றாள். பிள்ளை வாயிலிருந்து அம்மா என்ற சொல்லைப் பிடுங்கியிருந்தால்கூடப் பாமா மன்னித்திருப்பாள். பிடுங்காமல், அந்தச் சொல்லையே பொய்க்குச் சாட்சியாக வைத்துக்கொண்டாளே, அதை மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் புருஷன்மார். அந்த டைரக்டர்தான் இரண்டாவது. மூன்றாவது லத்தாவில் நகைக்கடை வைத்திருந்த சீனர். பாவம், நல்ல மனுஷர், செத்துப்போனார். நான்காவது ஒரு பல் டாக்டர். அவர் செல்லக்கண்ணுவின் சிரிப்புக்காக நல்ல பல் இரண்டைப் பிடுங்கிவிட்டுப் பீங்கான் பல் வைத்தார். பல் நிலைத்தது, டாக்டர் நிலைக்கவில்லை. ஐந்தாவது ஆள் கப்பல் கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், எண்பத்தெட்டில் ராணுவ ஆட்சிக்கு எதிராக ஊரே தெருவில் இறங்கி நின்ற நாட்களில் காணாமற்போனார். வெளியே வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, இவள் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முகத்துக்குத் தயிர் தடவி உட்கார்ந்திருந்தாள். "நெத்தியில சுருக்கம் விழுற மாதிரி சேதி ஒண்ணும் எங்கிட்ட சொல்லாத" என்று பாமாவிடம் சொன்னாள். அதில் புருஷனைப் பற்றிய சேதியும் அடக்கம்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் பாமா தமேன் என்கிற பட்டு லுங்கி உடுத்திக்கொண்டு மணப்பெண்ணின் தங்கையாக வெள்ளித் தட்டு ஏந்தி நின்றாள். ஒவ்வொரு புருஷனுக்கும் அவள் மைத்துனி. மைத்துனி என்றால் கேலி பேசலாம், கன்னத்தைக் கிள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அப்பன் முறையாக வேண்டியவன் எல்லாம் மச்சான் முறை கொண்டாடி இளித்தான். பெற்றவள் பக்கத்தில் நின்று சேர்ந்து சிரித்தாள். பெண்ணைக் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. தாமுவேயிலிருந்து சபாபதி என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இரண்டு தடவை வந்தார். கல்யாணம் என்றால் தாய் தகப்பன் பெயர் கேட்பார்கள். அதனாலேயே அந்தப் பேச்சு வாசலோடு நின்றுபோனது.

ஆறாவது ஆள் ஊ போ தின். மர வியாபாரி. அறுபத்திரண்டு வயது, பொன் பிரேம் போட்ட கண்ணாடி, எந்நேரமும் வாயில் வெற்றிலை. பஹானில் பெரிய வீடு, காரில் ஏசி. தனக்கு நாற்பதுகளில் இருக்கும் நடிகை வாய்த்தாள் என்று அவருக்கு ஏகப் பெருமை. பர்மிய மொழியில் மைத்துனிக்குக் 'கேமா' என்று சொல். காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் கேட்பது "எங்கே என் கேமா?" என்றுதான். பாமா தேநீர் கொண்டுபோய் வைக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்க்கிறேன் என்பார். விரல் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பாமா குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவினாலும் அந்த வெற்றிலை வாசனை மத்தியானம்வரை போகாது.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம், ஊ போ தின்னுக்குத் தாமுவேயில் ஓர் அழகு நிலையத்துப் பெண்ணோடு பழக்கம் என்று சேதி வந்தது. இருபத்தாறு வயதாம். இரண்டாம் தாரமாக வீட்டுக்கே கூட்டிவரப்போகிறாராம். அங்கே அது சட்டத்துக்கோ வழக்கத்துக்கோ விரோதமில்லை, பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டால் போதும். செல்லக்கண்ணு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், முகத்தில் வெள்ளரித் துண்டுகளை ஒட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தவள் மகளைக் கூப்பிட்டாள்.

"வெளியிலேருந்து ஒருத்தி வந்தான்னா என்னைய மூட்டை கட்டிடுவாடி" என்றாள். "நான் யோசிச்சுப் பாத்தேன். அவருக்கு ரெண்டாவதா ஒருத்தி வேணுமாம். அது நம்ம வீட்டுக்குள்ளயே இருந்துட்டா என்ன?"

பாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. "யாரு நம்ம வீட்டுக்குள்ள?"

"நீதான். அவருகிட்ட சொல்லியும் போட்டேன். அவருக்குச் சம்மதம். ஏற்கெனவே உன் மேல ஒரு இதுதான்."

வெள்ளரித் துண்டு ஒன்று வழுக்கித் தலையணையில் விழுந்தது. செல்லக்கண்ணு அதை எடுத்து மறுபடி கண்மேல் வைத்துக்கொண்டாள். மகளுடைய முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"அம்மா, அவரு எனக்கு என்ன முறை?"

"ஊருக்கு மச்சான் முறை."

"நெசத்துக்கு?"

"நெசத்த இப்ப யாரு கேட்டா? பேருக்குத்தான்டி. அவருக்குச் சக்கரை வியாதி, ஒண்ணும் ஆவாது. நீ பாட்டுக்கு உன் ரூம்ல இருக்கப்போற. பொறந்தநாளுக்குப் பகோடாவுக்கு நாலு பெரியவங்க வருவாங்க, பத்திரிகைக்காரரு வருவாரு. அங்கயே சொல்லிடலாம்னு இருக்காரு."

பாமாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இது பேச்சுக்குச் சொல்வதில்லை. உண்மையாகவே பின்கட்டுக்கு ஓடிப்போய் மத்தியானம் சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, செல்லக்கண்ணு கைக்கண்ணாடியில் மோவாய்க்குக் கீழே தொங்கும் சதையை விரலால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்றதைக் கேட்டுக்க" என்றாள் பாமா. "பொறந்தநாள் வரைக்கும் உனக்கு டயம். நான் யாருன்னு நீ அவருகிட்ட சொல்லு. உன் வாயால சொல்லு. ஒரு தடவை சொன்னாப் போதும். அவரு உன்னைய வீட்டைவிட்டு அனுப்புனா நான் தையல் தச்சுக் கடைசிவரைக்கும் உனக்குச் சோறு போடுறேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"நீ சொல்லமாட்டே" என்றாள் செல்லக்கண்ணு. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொல்றவளா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பே."

அது உண்மை. பாமாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஊ போ தின்னிடம் தானே போய்ச் சொல்லிவிட ஒரு நிமிஷம் ஆகாது. அவளுக்கு வேண்டியது அதுவல்ல. இந்தப் பெண் என் மகள் என்று பெற்றவள் ஒரு தடவை நாலு பேர் காதில் விழச் சொல்லவேண்டும். எட்டு வயதிலிருந்து அதற்காகத்தான் அவள் அந்த வீட்டில் தட்டு ஏந்திக்கொண்டு நின்றாள். கால் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைந்தாள். கொஞ்சம் வெட்கங்கெட்ட ஆசைதான். ஆனாலும் அந்த ஆசை விடவில்லை.

மறுநாள் ஊ போ தின் ஒரு சிவப்புப் பட்டுத் தமேன் வாங்கிவந்து கூடத்தில் விரித்துக் காட்டினார். "கேமாவுக்கு. இனிமேல் கேமா என்று கூப்பிடலாமோ என்னவோ" என்று தன் வேடிக்கைக்குத் தானே சிரித்தார். பாமா அவரைப் பார்க்காமல் உள்ளே பார்த்துத் தமிழில் சொன்னாள்: "அம்மா, இவருகிட்ட சொல்லு."

ஊ போ தின்னுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் புரிந்தது. "பாரு, வெட்கம் வந்ததும் அக்காளைக் கூப்பிடுகிறாள்" என்று பூரித்துப்போனார். உள்ளேயிருந்து செல்லக்கண்ணுவின் சிரிப்பும் கேட்டது. பாமாவுக்கு அந்தத் தமேனை அவர் வாயில் திணிக்கவேண்டும் போலிருந்தது.

அன்று சாயந்திரம் அவள் பஸ் ஏறி ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தன்லியினுக்குப் போனாள். அங்கே சந்தைக்கு எதிரே ஃபக்ருன்னிசா தையற்கடை வைத்திருந்தாள். சின்ன வயதில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். செல்லக்கண்ணு யார், பாமா யார் என்று அறிந்த ஒரே சிநேகிதி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "உங்கம்மா சொல்லமாட்டாங்க பாமா. அவங்களுக்கு நீ வயசு காட்டுற ஒரு கடிகாரம். கடிகாரத்த யாரு கொஞ்சுவா? அந்த ஓரத்துல ஒரு மெஷின் சும்மா கெடக்கு. எப்ப வேணும்னாலும் வா."

"செவ்வாக்கிழமை பொறந்தநாளு முடியட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள் பாமா.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். காலை எட்டு மணிக்கெல்லாம் மேடையில் சலவைக்கல் சுடத் தொடங்கியிருந்தது. ஊ போ தின்னின் வியாபாரச் சிநேகிதர்கள் நாலு பேர், அவர்களுடைய மனைவிமார், சினிமாப் பத்திரிகைக்காரர் ஒருவர் கழுத்தில் கேமராவோடு. செல்லக்கண்ணு இளஞ்சிவப்பு நிறத்தில் உடுத்தி, கொண்டையைச் சுற்றி முழம் முழமாக மல்லிகை வைத்திருந்தாள். அவளுடைய வெல்வெட் செருப்பு, அடிவாரத்தில் கழற்றியது, பாமாவின் தோள்பையில் கிடந்தது. புருஷன் மாறினாலும் அவள் செருப்பைச் சுமப்பது மட்டும் பாமா வேலை.

சிங்க மூலையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் நின்றது. ஐந்து வயதுப் பெண்ணொருத்தி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள். பின்னால் நின்ற தாய், "தமீ, மெதுவா, தமீ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தமீ என்றால் மகள். பர்மிய மொழியில் அந்த அளவுக்குச் சாதாரணமான சொல் வேறு இல்லை. கத்தரிக்காய் விற்கிறவள்கூட வாங்க வந்த சின்னப் பெண்ணைத் தமீ என்பாள். பெற்றவள் வாயிலிருந்து மட்டும் பாமா அதைக் கேட்டதில்லை.

செல்லக்கண்ணு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து ஊற்றத் தொடங்கினாள். ஒவ்வொரு பத்தாவது கிண்ணத்துக்கும் கேமராப் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. மனைவிமார் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. வரப்போகிற வருஷத்துக்கு ஒன்று. ஐம்பது. அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

ஊ போ தின் தொண்டையைச் செருமினார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "இன்றைக்கு இரட்டை நல்ல சேதி" என்று ஆரம்பித்தார். "அக்காளும் தங்கையும் ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தார்கள். இனியும் பிரியவேண்டாம் என்று..."

பாமா அம்மாவைப் பார்த்தாள். இப்போதுகூடச் சொல்லலாம். ஒரு சொல் போதும். செல்லக்கண்ணு கொண்டைப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பாமா முன்னால் வந்து கவிழ்த்து வைத்த கிண்ணத்தை நிமிர்த்தினாள். தண்ணீர் மொண்டு சிலையின் தலையில் ஊற்றினாள். "ஐம்பத்தொன்று" என்று பர்மிய மொழியில் உரக்கச் சொன்னாள்.

ஊ போ தின் சிரித்தார். "கேமா, உன் அக்காள் ஊற்றி முடித்தாயிற்று."

"ஐம்பத்திரண்டு" என்றாள் பாமா. "ஐம்பத்துமூன்று." மனைவிமாரில் ஒருத்தி பழக்கதோஷத்தில் சேர்ந்து எண்ணினாள். புருஷன் முழங்கையால் இடித்ததும் நிறுத்தினாள். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. செல்லக்கண்ணுவின் பவுடருக்குக் கீழே முகம் வெளுத்தது. ஐம்பத்தொன்பது. கடைசிக் கிண்ணத்தை ஊற்றிவிட்டு அவள் திரும்பினாள்.

"அறுபது" என்றாள். "உங்க கணக்குல பத்து விட்டுப்போச்சு, அமே."

அம்மா அல்ல. அமே. ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். அந்த எழுத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்திச் சொன்னாள். "என்னைப் பெத்த அமே இவங்க. இவரு எனக்கு மச்சான் இல்ல."

அவர்கள் எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்துக்குப் போனதைப் பாமா கவனித்தாள். செல்லக்கண்ணுவின் கழுத்துக்கு. முகத்துக்குப் பூசலாம், பல்லை மாற்றலாம், கழுத்தை என்ன செய்வது? அப்புறம் எல்லோரும் பாமாவின் மோவாயையும் அவள் மோவாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் கேமராவைத் தூக்கினார், எதைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் இறக்கினார்.

ஊ போ தின் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "நிஜமா?" என்று மனைவியைக் கேட்டார்.

இதற்காகத்தான் பாமா முப்பத்துமூன்று வருஷம் காத்திருந்தாள்.

செல்லக்கண்ணு சிரித்தாள். அந்தப் பீங்கான் பல் இரண்டும் தெரிய, கேமராவுக்குச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. "பாவம்" என்றாள் பர்மிய மொழியில், குரலைத் தாழ்த்தி. "சின்ன வயசிலேயே எங்க அமே செத்துட்டாங்க. அதிலிருந்து இவளுக்கு அப்பப்போ புத்தி தடுமாறும். நான்தானே வளர்த்தேன். என்னையே அமே என்று நினைத்துக்கொள்வாள்." கண்ணில் சொட்டு நீர்கூட வரவழைத்தாள். துறைமுகத்தில் அழுத அதே அழுகை, வயதாகியும் கெடவில்லை.

அதைவிடக் கேவலம் என்னவென்றால், எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர்கூட நம்பவில்லை, ஆனால் அத்தனை பேருக்கும் நிம்மதி. "வெயில், வெயில்தான்" என்றார் ஒருவர். "குடை பிடிங்க" என்றாள் இன்னொருத்தி. ஊ போ தின் தன் வலது கையைப் பார்த்தார், அதை லுங்கியில் துடைத்துக்கொண்டார், பிறகு பத்திரிகைக்காரரைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார். கல்யாணப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. உண்மை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் ஏமாந்ததையும் ஒப்புக்கொள்ளவேண்டுமே.

பாமா படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். பத்தடி போவதற்குள் பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம். செல்லக்கண்ணு. தமிழில், மெதுவாக, மூச்சு வாங்கச் சொன்னாள்.

"போவாதடி. நீ எம் மவடி. எம் பொண்ணுடி நீ. உன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா?"

பாமா நின்றாள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று உள்ளே இருந்துகொண்டு, இது போதுமே, திரும்பிப் போயேன் என்றது. அவள் சுற்றிலும் பார்த்தாள். பூசை செய்கிறவர்கள், துடைப்பக்காரர்கள், சற்றுத் தள்ளி அந்த நாலு பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு. அத்தனை பேரில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

"பர்மாப் பேச்சுல சொல்லு" என்றாள் பாமா.

செல்லக்கண்ணு வாயைத் திறந்தாள். தமீ. இரண்டே எழுத்து. ஐந்து வயதுப் பிள்ளையின் தாய் சற்றுமுன் நூறு தடவை சொன்னது. அவள் உதடு அந்தச் சொல்லுக்குத் தோதாக அசைந்தது; பாமா அதைக் கண்ணால் கண்டாள். பிறகு செல்லக்கண்ணு தோளுக்கு மேலாக அந்த நாலு பெண்களையும் ஒரு பார்வை பார்த்தாள். உதடு மாறியது.

"ஞீமா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி, கனிவாக. "வா, ஞீமா. வீட்டுக்குப் போகலாம்."

பாமாவுக்குக் கோபம் வரவில்லை. சோற்றில் புழுவைக் கண்டவள் தட்டைத் தள்ளிவைப்பதுபோல ஒன்றுதான் வந்தது. "வரேங்க, டோ சபே ஊ" என்று, பழக்கமில்லாத பெரிய மனுஷியிடம் விடைபெறுகிற மரியாதையோடு சொல்லிவிட்டு, படியிறங்கினாள்.

அடிவாரத்தில் தன் ரப்பர் செருப்பை எடுக்கப் பையில் கைவிட்டபோது வெல்வெட் செருப்பு தட்டுப்பட்டது. அதில் குதிகால் பக்கம் இரண்டு விரல் உயரம் கட்டை வைத்து, வெளியே தெரியாமல் துணி தைத்திருந்தது, உயரத்திலும் பொய். படியோரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். பாமா அதை அவள் முன்னால் வைத்தாள். அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. திருட்டுச் சாமானோ என்று சந்தேகம் வந்ததுபோலிருக்கிறது.

"இது யாரோடது, அமா?" என்று கேட்டாள்.

"என் அமாவோடது" என்றாள் பாமா.

அந்தச் சொல்லைப் பர்மிய அர்த்தத்தில் அவள் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. பூக்காரிக்கு அது தெரியாது. தலையாட்டிவிட்டுச் செருப்பைக் கூடைக்கு அடியில் பத்திரப்படுத்தினாள். பாமா சாலையைக் கடந்துபோய்த் தன்லியின் பஸ்ஸுக்கு நின்றாள்.